மட்டக்களப்பில் பிறந்த அக்காவும் அமெரிக்காவில் பிறந்த தம்பியும்: சட்டத்தின் முன் இருவரும் ஒரே வகையான குடிமக்களா?

கேள்வி
எழுதியவர்: களுவாஞ்சிகுடி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிகுடிப் பகுதியில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து வருகின்றேன். ஐக்கிய அமெரிக்காவின் 2024 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி வகுப்பில் பேசியபோது எழுந்த ஒரு விவாதம் இன்னும் ஓயவில்லை. கமலா ஹாரிஸ் ஒக்லாந்து நகரிலே பிறந்தவர் என்றாலும், அவர் பிறந்த 1964 இல் அவருடைய தாயோ தந்தையோ அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்கவில்லை, ஆகவே அவரைப் பிறப்பால் குடிமகள் என்று கொள்ள முடியாது என ஒரு மாணவன் வாதிட்டான். மண்ணில் பிறந்தாலே போதும், பெற்றோரைப் பற்றி அங்கே எவரும் கேட்பதில்லை என்று மற்றொரு மாணவி மறுத்தாள். இருவருக்கும் உரிய விளக்கத்தைக் கொடுக்க நான் விரும்புகின்றேன்.

இதே விடயம் எங்கள் குடும்பத்திலும் இருப்பதனால் எனக்குக் கூடுதலான அக்கறை உண்டு. என் அண்ணனும் அண்ணியும் 2010 இல் நிரந்தர வதிவிட அனுமதியுடன் அமெரிக்கா சென்றார்கள். மூத்தவள் 2008 இல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பிறந்தவள். இளையவன் 2013 இல் நியூ ஜேர்சியில் பிறந்தவன். பெற்றோர் இருவரும் 2016 இல் பரீட்சைக்குத் தோற்றி, சத்தியப்பிரமாணம் செய்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது, மூத்தவள் தனியாக விண்ணப்பிக்காமலும் சத்தியம் செய்யாமலும் குடிமகளாகிவிட்டாள் என்று சொன்னார்கள். அப்படியானால் அவளும் பிறப்பால் குடிமகள் போன்றவள்தானே என்பது அண்ணனின் எண்ணம். ஆனால் தம்பி ஜனாதிபதியாக வரலாம், நீ வரமுடியாது என்று பள்ளித் தோழிகள் சொன்னதாக அவள் மனம் வருந்தி என்னிடம் கேட்டாள். இதில் எது சரி?

அடுத்து, எங்கள் நாட்டுச் சட்டத்தில் இவ்விரு பிள்ளைகளும் யார்? வம்சாவழி மூலமான பிரசை, பதிவு மூலமான பிரசை என்று பாடநூலில் இரண்டு வகை சொல்லப்படுகின்றது. பதிவு மூலம் பிரசையானவருக்கு இலங்கையில் ஏதாவது உரிமை குறைகின்றதா? சட்டம் அறிந்தவர்கள் ஆதாரத்துடன் விளக்கினால், அதனை மாணவர்களுக்கும் எடுத்துச் சொல்வேன்.


பதில் 1
எழுதியவர்: அக்கரைப்பற்று சட்டத்தரணி

வணக்கம் டீச்சர். அமெரிக்கப் பகுதியை மாத்திரம் நான் எடுத்துக்கொள்கின்றேன். இலங்கைச் சட்டத்தை நடைமுறையில் கையாண்ட அனுபவமுள்ளவர்கள் இங்கே இருக்கின்றார்கள்.

ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் 2 ஆம் உறுப்புரை, ஜனாதிபதியாக வருபவர் பிறப்பால் குடிமகனாக இருத்தல் வேண்டும், 35 வயதை அடைந்திருத்தல் வேண்டும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வதிந்திருத்தல் வேண்டும் என மூன்று தகைமைகளை விதிக்கின்றது. 1804 இல் நடைமுறைக்கு வந்த 12 ஆவது திருத்தத்தின்படி, ஜனாதிபதியாகத் தகுதியற்ற ஒருவர் துணை ஜனாதிபதியாகவும் வரமுடியாது. அரசியலமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட வேளையில் குடிமக்களாக இருந்தவர்களுக்கு மாத்திரம் விலக்களிக்கப்பட்டது. அவ்விலக்கு இல்லாவிட்டால், பிரித்தானிய முடியின் குடிகளாகப் பிறந்த வாஷிங்டன் போன்றவர்களே பதவிக்கு வந்திருக்க முடியாது. சுதந்திரப் பிரகடனத்தின் பின்னர் பிறந்த முதலாவது ஜனாதிபதி, 1782 இல் பிறந்த மார்ட்டின் வான் பியூறன் ஆவார்.

இந்த நிபந்தனை அந்நியர் மீதிருந்த அச்சத்தினாலே புகுத்தப்பட்டது. 1787 ஜூலை 25 ஆம் திகதி ஜோன் ஜே என்பவர் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், படைத் தலைமை பிறப்பால் குடிமகனல்லாத எவரிடமும் செல்லாதவாறு தடுப்பது நன்று என்று யோசனை கூறியிருந்தார். ஐரோப்பிய அரச குடும்பத்தவர் எவரேனும் செல்வாக்கினால் புதிய நாட்டின் தலைமையைக் கைப்பற்றிவிடலாம் என்ற ஐயம் அக்காலத்தில் உண்மையாகவே நிலவியது. ஆயினும் பிறப்பால் குடிமகன் என்பவர் யார் என்று அரசியலமைப்பு வரையறுத்துச் சொல்லவில்லை. மாணவர்களின் விவாதம் எழுவதற்குக் காரணம் அந்த மௌனமே.

மண்ணில் பிறந்தவர்களைப் பொறுத்தவரை விடை உறுதியானது. 1868 இல் நிறைவேறிய 14 ஆவது திருத்தம், அமெரிக்காவில் பிறந்து அதன் நியாயாதிக்கத்துக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்களே என்று கூறுகின்றது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வொங் கிம் ஆர்க் என்பவர் சீனா சென்று திரும்பியபோது, அவர் குடிமகனல்லர் என்று கூறி உள்ளே விட மறுத்தார்கள். அக்காலச் சட்டத்தின்படி அவருடைய பெற்றோர் குடியுரிமை பெறவே முடியாதவர்கள். இருந்தும், அங்கு நிரந்தரமாக வதிந்த பெற்றோருக்குப் பிறந்த அவர் பிறப்பினாலேயே குடிமகன் என்று 1898 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இராஜதந்திரிகளின் பிள்ளைகள் போன்ற சிலருக்கே விதிவிலக்கு உண்டு. ஆகவே கமலா ஹாரிஸ் விடயத்தில் உங்கள் மாணவியின் முடிவே சரியானது. பெற்றோரைப் பற்றிய பேச்சு அமெரிக்காவில் எழுவதேயில்லை என்று மாத்திரம் அவர் எண்ணிவிடக் கூடாது. சட்டவிரோதமாகவோ தற்காலிக அனுமதியிலோ இருக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இவ்வுரிமையை மறுக்கும் நிறைவேற்று ஆணையொன்றை 2025 சனவரி 20 ஆம் திகதி ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்தார், அது உடனடியாகவே வழக்குகளுக்கு உள்ளானது. ஆணை வெளிவந்து 30 நாட்களின் பின்னர் பிறப்பவர்களைப் பற்றியதாகவே அது வரையப்பட்டிருந்தமையால், 2013 இல் நிரந்தர வதிவாளர்களுக்குப் பிறந்த உங்கள் இளைய மருமகனைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை.

வெளிநாட்டில் பிறந்தவர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. 1790 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, கடல் கடந்து பிறந்த அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகளையும் பிறப்பால் குடிமக்களாகவே கருத வேண்டும் என்றது. 1795 இல் அதற்குப் பதிலாக வந்த சட்டம் அவர்களைக் குடிமக்கள் என்று மட்டும் குறிப்பிட்டது. 2008 இல் போட்டியிட்ட ஜோன் மக்கெயின் 1936 இல் பனாமா கால்வாய் வலயத்தில் பிறந்தவர். 2016 இல் கட்சி நியமனத்துக்காகப் போட்டியிட்ட டெட் குறூஸ் 1970 இல் கனடாவின் கல்கரி நகரில் பிறந்தவர். இவர்கள் இருவருடைய தகுதியும் கேள்விக்குள்ளாக்கப்பட்டது, எனினும் எவரும் தடுக்கப்படவில்லை. பிறந்த கணத்திலேயே சட்டத்தின்படி குடிமகனாக இருந்தவர், பின்னர் எந்தவொரு நடைமுறையும் தேவைப்படாதவர், பிறப்பால் குடிமகனே என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. உயர் நீதிமன்றம் இவ்வினாவை நேரடியாக எடுத்துத் தீர்த்ததில்லை.

இப்பொழுது உங்கள் மருமகளுக்கு வருவோம். 2000 ஆம் ஆண்டின் பிள்ளைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்ட, நிரந்தர வதிவிட உரிமையுள்ள பிள்ளை, குடிமகனான தாய் அல்லது தந்தையின் பராமரிப்பில் அங்கு வாழுமாயின், அப்பிள்ளை தானாகவே குடியுரிமை பெறுகின்றது. விண்ணப்பமோ சத்தியமோ தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உரிமை அவளுக்குக் கிடைத்த நாள் 2016 இல் வருகின்றது, 2008 இல் அன்று. அவளும் டெட் குறூஸும் வெளிநாட்டில் பிறந்தவர்களே. குறூஸ் பிறந்த நாளில் அவருடைய தாயார் அமெரிக்கக் குடிமகளாக இருந்தார். உங்கள் மருமகள் பிறந்த நாளில் உங்கள் அண்ணனும் அண்ணியும் இலங்கைப் பிரசைகளாக மட்டுமே இருந்தார்கள். குடியுரிமை எவ்வளவு இலகுவாக வந்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, எந்தக் கணத்தில் வந்தது என்பதையே பார்க்கின்றது. எனவே தோழிகள் சொன்னது சரி: அவள் ஜனாதிபதியாகவோ துணை ஜனாதிபதியாகவோ வரமுடியாது.

அதற்கு மேல் அவளுக்குக் குறைவு ஏதுமில்லை என்பதையும் அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். 9 ஆண்டுகள் குடிமகளாக இருந்து 30 வயதை அடைந்தவர் செனட்டராகலாம். 7 ஆண்டுகளும் 25 வயதும் நிறைந்தால் பிரதிநிதிகள் சபைக்குப் போகலாம். ஒஸ்ரியாவில் பிறந்து 1983 இல் குடியுரிமை பெற்ற ஆர்னோல்ட் சுவார்செனேகர், 2003 முதல் 2011 வரை கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்தார். ஜேர்மனியில் பிறந்த ஹென்றி கீசிங்கர் வெளிவிவகாரச் செயலாளரானார். 1964 இல் தீர்க்கப்பட்ட ஷ்னைடர் எதிர் றஸ்க் வழக்கை அவள் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவ்வழக்கின் மனுதாரரும் ஜேர்மனியில் பிறந்து, சிறுபிள்ளையாக அமெரிக்காவுக்குச் சென்று, 16 வயதில் தாயின் வழியாகக் குடியுரிமை பெற்றவர். திருமணத்தின் பின்னர் பிறந்த நாட்டிற்கே திரும்பி மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பதற்காக அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. பின்னர் குடியுரிமை பெற்றவர்களை மட்டும் குறிவைத்த அந்தச் சட்டத்தை உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. இரு சாராரின் உரிமைகளும் ஒரே மதிப்பும் ஒரே பரப்பும் உடையவை, ஜனாதிபதிப் பதவி ஒன்றே வேறுபாடு என்பது அத்தீர்ப்பின் சாரம். பொய்த் தகவல் கொடுத்துப் பெற்ற குடியுரிமையை வழக்கின் மூலம் இரத்துச் செய்யலாம் என்பது பின்னர் பெற்றவர்களுக்கு மட்டுமே உள்ள ஆபத்து. உண்மையைச் சொல்லிப் பெற்ற குடும்பத்துக்கு அதனால் அச்சமில்லை.

இரண்டு வயதில் கொண்டுசெல்லப்பட்டு அந்நாட்டையே தன் நாடாக அறிந்து வளர்ந்த பிள்ளையை, அரச குடும்பத்தவரைத் தடுக்க எழுதப்பட்ட ஒரு வாசகம் இன்றும் தடுப்பது நியாயமற்றது என்றே நான் கருதுகின்றேன். 20 ஆண்டுகள் குடிமகனாக இருந்தவர்களுக்கு இத்தகுதியை வழங்கும் திருத்தமொன்றை 2003 இல் செனட்டர் ஒறின் ஹட்ச் முன்மொழிந்தார், அது முன்னேறவில்லை. இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினரும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் இணங்கினாலொழிய அந்த வாசகம் மாறாது.


பதில் 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், மட்டக்களப்பு

சட்டத்தரணி அவர்கள் மண்ணைப் பற்றிச் சொன்னதை அப்படியே இலங்கைக்குப் பொருத்திவிடக் கூடாது. பிரதேச செயலகத்தில் பணியாற்றிய காலத்தில் நான் அடிக்கடி கண்ட தவறான எண்ணம், இலங்கையில் பிறந்தால் இலங்கைப் பிரசை என்பதாகும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த வழியை ஏற்கவே இல்லை. 1948 நவம்பர் 15 ஆம் திகதிக்குப் பின்னர் இங்கு பிறந்தவர், பிறந்த வேளையில் தந்தை பிரசையாக இருந்தால் மட்டுமே பிரசை. 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம் வரும்வரை, திருமணமான தாயின் பிரசாவுரிமை பிள்ளைக்கு வழி திறக்கவில்லை. இப்பொழுது தாய், தந்தை இருவரில் ஒருவர் போதும். பெற்றோர் யாரென்றே அறிய முடியாத, கைவிடப்பட்ட சிசுவை மாத்திரம், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், வம்சாவழிப் பிரசையாகவே சட்டம் கருதுகின்றது.

அந்தத் திகதிக்கு முன்னர் பிறந்தவர்களுக்கு நிபந்தனை இன்னும் கடுமையானது. இங்கே பிறந்தவராயினும், தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். எங்கள் பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். தந்தை இலங்கையில் பிறவாது பூட்டனார் பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்று அடுத்த கூடு இருக்கும். பலர் அவற்றை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக் கோடிட்டு விடுகின்றார்கள். அவை இந்தச் சட்டத்தின் நிழலில் வந்த கூடுகள்.

இனி உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்போம். மூத்தவள் இலங்கைப் பிரசைகளுக்கு இங்கு பிறந்தவள் என்பதால் வம்சாவழிப் பிரசையாகப் பிறந்தாள். மட்டக்களப்பு வைத்தியசாலையில் பிறந்தது அதற்குக் காரணமன்று, பெற்றோர் பிரசைகளாக இருந்ததே காரணம். இளையவன் நியூ ஜேர்சியில் பிறந்திருந்தாலும், 2013 இல் பெற்றோர் இன்னும் இலங்கைப் பிரசைகளாகவே இருந்தார்கள், அமெரிக்கக் குடியுரிமை 2016 இல்தான் வந்தது. எனவே அவனும் வம்சாவழிப் பிரசையாகும் உரித்துடையவன். ஆனால் அதற்கு ஒரு படி உண்டு: வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ, இங்குள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிவு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் அக்காலத்தை நீடிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அண்ணன் அப்பதிவைச் செய்தாரா என்று முதலில் விசாரியுங்கள். அவன் 2017 இல் பிறந்திருந்து, பெற்றோர் இரட்டைப் பிரசாவுரிமை பெறாமலும் இருந்திருந்தால், இந்த வழியே திறந்திருக்காது.

பெற்றோர் இருவரும் தாமாக அமெரிக்கக் குடியுரிமை பெற்றதனால் இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தவர்களாவர், அதற்கு முன்னரே அதனைத் தக்கவைப்பதற்கு அனுமதி பெற்றிருந்தாலன்றி. இழந்தவர் மீளப் பெறவும், இழக்கவிருப்பவர் தக்கவைக்கவும் 1987 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் திருத்தம் இரட்டைப் பிரசாவுரிமை என்னும் வழியை ஏற்படுத்தியது. அவர்கள் விண்ணப்பிக்கும்போது 22 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மூத்தவளுக்கு அந்த வயது நெருங்குவதால் தாமதிக்க வேண்டாம்.

பதிவுப் பிரசைக்கு உரிமை குறைகின்றதா என்பதற்கு 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26 ஆம் உறுப்புரை நேரடியாக விடையளிக்கின்றது. இலங்கைப் பிரசை என்ற ஒரே அந்தஸ்துத்தான் உண்டு என்றும், அது வம்சாவழியால் வந்ததா பதிவால் வந்ததா என்பதைக் கொண்டு எந்த நோக்கத்துக்காகவும் பிரசைகளிடையே வேறுபாடு காட்டலாகாது என்றும் அது விதிக்கின்றது. ஆகவே பதிவின் மூலம் பிரசையானவர் ஏனைய தகைமைகள் இருந்தால் இலங்கையின் ஜனாதிபதியாகவும் வரலாம். அமெரிக்காவில் மூடப்பட்டிருக்கும் அந்த ஒரு கதவு இங்கு எழுத்தளவில் திறந்தே இருக்கின்றது. ஆயினும் அதே உறுப்புரையின் நான்காம் பந்தியை விட்டுவிடாமல் மாணவர்களுக்குக் காட்டுங்கள். பிரசாவுரிமைச் சட்டத்தின் 11, 12, 13 ஆம் பிரிவுகளின் கீழ் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும், அச்சட்டத்தின் 23, 24 ஆம் பிரிவுகளின்படி அந்தஸ்தை இழக்கும் கூடுதல் ஏதுக்கள் பொருந்தும். 12 ஆம் பிரிவு பிரசையொருவரின் வாழ்க்கைத் துணைக்குரியது, 13 ஆம் பிரிவு சிறப்பான சேவை புரிந்தோருக்குரியது. அனுபவிக்கும் உரிமைகள் சமம், இழக்கும் வழிகள் சமமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுத்தத்திலும், 1978 சூறாவளியிலும், 2004 சுனாமியிலும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். உத்தேச வயதுச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு, பெற்றோரின் பிறப்பை நிரூபிக்க முடியாமல் பிள்ளையின் கடவுச்சீட்டுக்கு அலைந்தவர்களை நான் கண்டிருக்கின்றேன். வம்சாவழியைக் கேட்கும் சட்டத்தின் கீழ் வாழும்போது, தந்தையினதும் தாயினதும் பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பிள்ளையின் சான்றிதழோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.


பதில் 3
எழுதியவர்: செங்கலடி வாசகன்

மேலே ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த 26 ஆம் உறுப்புரைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு சொல்லப்படாமல் போகக் கூடாது. எங்கள் குடும்பம் மலையகத் தோட்டமொன்றிலிருந்து 1977 வன்செயலுக்குப் பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு வந்து குடியேறியது. என் தந்தையார் இந்த நாட்டிலேயே பிறந்தவர். பாட்டனார் இந்த நாட்டிலேயே தேயிலைக் கொழுந்துக்கு உரமிட்டு வாழ்ந்து மடிந்தவர். பூட்டனாரின் பிறப்புக்குச் சான்று எங்கிருந்து வரும்? 1948 ஆம் ஆண்டுச் சட்டம் வம்சாவழியை மட்டும் கேட்டதனால், சுமார் 7 இலட்சம் மக்கள் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களானார்கள்.

அவர்களுக்கென்று 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ச்சியான வதிவை ஆவணங்களால் நிரூபித்துப் பதிவு பெறலாம் என்றது அது. விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டார்கள். வாக்குரிமைச் சட்டத்தையும் பிரசாவுரிமைச் சட்டத்தையும் எதிர்த்துத் தொடரப்பட்ட கோடக்கன் பிள்ளை வழக்கு 1953 இல் இலண்டன் கோமறைக் கழகத்திலும் தோற்றது. பதிவு கிடைத்தவர்களையும் மற்றவர்களோடு ஒன்றாக வைக்க மனம் வரவில்லை. 1954 சனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கை, பதிவு பெற்றவர்களைப் பத்து ஆண்டுகளுக்குத் தனியான வாக்காளர் இடாப்பில் வைக்கலாம் என்று பேசியது. பதிவு மூலமான பிரசை என்பது ஒரு காலத்தில் எங்களைத் தனியாகக் குறித்து வைக்கும் முத்திரையாக இருந்தது. அதனாலேயே எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டலாகாது என்ற அந்த ஒற்றை வாக்கியம் எங்கள் வீட்டில் பெறுமதியானது.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. அப்படியும் முடியாததை 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் முடித்துவைத்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவழியினரும் அவர்களது சந்ததியினரும் ஏனைய பிரசைகளுக்குரிய எல்லா உரிமைகளும் உடைய பிரசைகள் என்று இந்த 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. இவர்கள் 11, 12, 13 ஆம் பிரிவுகளின் கீழ் வந்தவர்களல்லர் என்பதை ஐயா சொன்ன நான்காம் பந்தியோடு சேர்த்துக் கற்பியுங்கள் டீச்சர். இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் யாரேனும் வகுப்பில் அதைக் கேட்டுத் தமது பிரசாவுரிமை பறிபோகக்கூடியது என்று அஞ்சக்கூடும்.

பதிவு பெற்றவரின் பிள்ளை எப்படிக் கணிக்கப்படும் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். நான் பிறக்கும்போது என் தந்தை பிரசையாக இருந்தார், ஆகவே நான் வம்சாவழிப் பிரசை. அமெரிக்காவிலும் அவ்வாறே. குடியுரிமை பெற்றவருக்கு அங்கு பிறக்கும் பிள்ளை பிறப்பால் குடிமகனே. இந்த வேறுபாடு எந்த நாட்டிலும் ஒரு தலைமுறையைத் தாண்டிச் செல்லக் கூடாது. 1948 இல் செய்யப்பட்ட அநீதி, அதைத் தலைமுறைகளுக்குப் பின்னோக்கி நீட்டியதுதான்.


பதில் 4
எழுதியவர்: கல்லாறு, தற்போது இலண்டன்

டீச்சர், ஒப்பீட்டுக்காக ஒரு சிறு குறிப்பு. 1983 சனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பிரித்தானியச் சட்டத்தின்படி, இங்கு பிறந்தாலும் பெற்றோரில் ஒருவர் பிரித்தானியராகவோ நிரந்தர வதிவுரிமை உடையவராகவோ இருக்க வேண்டும். அதைவிடக் கவனத்துக்குரியது, இங்கே விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவருக்குச் சில வேளைகளில் கூடுதல் பலம் உண்டு என்பதாகும். அவ்வாறு பெற்ற ஒருவருக்கு மட்டக்களப்பில் பிள்ளை பிறந்தால் அப்பிள்ளை வம்சாவழியால் பிரித்தானியக் குடிமகனாகின்றது. அந்தப் பிள்ளை வளர்ந்து, தனக்கும் வெளிநாட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், குடியுரிமை பொதுவாகத் தானாகக் கடத்தப்படுவதில்லை. பிறப்பால் வந்தது எப்போதும் உயர்ந்தது என்ற எண்ணத்தை இச்சட்டம் தலைகீழாக்கி வைத்திருக்கின்றது.

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வாகரை, திருகோணமலைப் பக்கம் திரும்பிய பிள்ளைகளையும் மாணவர்கள் அறிந்திருப்பார்கள். இந்தியாவில் 1987 ஜூலை 1 ஆம் திகதிக்கு முன்னர் பிறந்தவர்கள் பெற்றோர் யாராயினும் பிறப்பால் குடிமக்கள். அதன் பின்னர் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் நிலை பார்க்கப்படும். மண்டபம் முகாமில் 1986 இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதனைக் காட்டியே 2022 இல் சென்னை உயர் நீதிமன்றம் கடவுச்சீட்டு வழங்குமாறு பணித்தது.


மீண்டும்: களுவாஞ்சிகுடி ஆசிரியை

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. செங்கலடிச் சகோதரர் எழுதியதை அப்படியே வகுப்பில் வாசிக்க அனுமதி வேண்டுகின்றேன். அண்ணனிடம் விசாரித்தேன். இளையவனின் பிறப்பு தூதரகத்தில் பதிவு செய்யப்படவில்லை. இனி அதற்கான விண்ணப்பத்தை அனுப்புவதாகச் சொன்னார். மூத்தவளுக்கும் இரட்டைப் பிரசாவுரிமை எடுக்க விரும்புகின்றார்கள். அவ்வாறு எடுத்தபின் அவள் இங்கு வந்து பாராளுமன்றத் தேர்தலில் போட்டியிட முடியுமா? 26 ஆம் உறுப்புரை வேறுபாடு காட்டக் கூடாது என்றுதானே சொல்கின்றது?


பதில் 5
எழுதியவர்: அக்கரைப்பற்று சட்டத்தரணி

முடியாது டீச்சர். 26 ஆம் உறுப்புரை தடுப்பது, பிரசாவுரிமை வந்த வழியைக் கொண்டு வேறுபாடு காட்டுவதை. வேறொரு நாட்டின் குடியுரிமையையும் சேர்த்து வைத்திருப்பது தனியான தகைமையீனம். அது 2015 இல் 19 ஆவது திருத்தத்தால் புகுத்தப்பட்டது, 2020 இல் 20 ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது, 2022 இல் 21 ஆவது திருத்தத்தால் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதன் கீழ்தான் சுவிற்சர்லாந்துக் குடியுரிமையும் கொண்டிருந்த காலி மாவட்ட உறுப்பினர் கீதா குமாரசிங்க 2017 இல் ஆசனத்தை இழந்தார். ஜனாதிபதிப் பதவிக்கும் இதே தடை பொருந்தும். உங்கள் மருமகள் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்துவிட்டு இலங்கைப் பிரசையாக மட்டும் இருந்தால், தடை அகன்றுவிடும். வாக்களிப்பதற்கு இரட்டைப் பிரசாவுரிமை தடையன்று, இங்கு வதிந்து வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்திருந்தால் போதும்.

இளையவனின் விண்ணப்பத்தோடு, 2013 இல் பெற்றோர் இலங்கைப் பிரசைகளாக இருந்தார்கள் என்பதைக் காட்ட, அவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சான்றிதழின் பிரதியையும், அக்காலத்தில் செல்லுபடியாக இருந்த இலங்கைக் கடவுச்சீட்டின் பிரதியையும் இணைக்கச் சொல்லுங்கள். தாமதத்துக்கான காரணத்தைத் தனிக் கடிதமாக எழுத வேண்டும். பழைய கடவுச்சீட்டு அவர்களிடம் இல்லாவிட்டால், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வேறு எந்த ஆவணங்களைக் கொண்டு அதனைக் காட்டலாம் என்று பார்ப்போம்.